சனிக்கிழமை எட்டரை மணிக்கு

கொட்டகலை
2026 பெப்ரவரி 17

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் உன் மகன், நம்ம தம்பி, பக்கத்தில் நின்று கேட்டுவிடுகிறான். எழுதி அனுப்பினாலும் வாசித்துவிடுகிறான், தரம் 4 அல்லவா. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற அக்காவின் மகள் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் கருவாடும் அவளிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள். சிவராத்திரி நல்லபடியாக முடிந்தது. உனக்கு அங்கே ரமழான் நோன்பு தொடங்குகிறது, ராவெல்லாம் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

விஷயம் நீ அனுப்பிய வாட்ச்தான்.

அதை நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். நவம்பர் கடைசியில் திட்வா புயல் அடித்தபோது மூன்று நாள் உனக்கு எங்கள் குரல் கேட்கவில்லை. டிவியில் மண்சரிவைக் காட்டக் காட்ட நீ அங்கே எப்படி இருந்திருப்பாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். இனி பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எந்த நேரமும் தெரிய வேண்டும் என்று நினைத்து, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, சிம் போடும் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பினாய். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மூன்று நாளும் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. தம்பியின் கையில் அந்த வாட்ச் இருந்திருந்தாலும் உனக்கு மணி அடித்திருக்காது. அன்றைக்கு ராத்திரி கோயில் லவுட்ஸ்பீக்கரில், அதுவும் யாரோ கொண்டுவந்த பேட்டரியில், 'கீழ் லயத்து ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வாங்க' என்று கத்தினார்கள். தம்பி அப்போது படித்த தரம் 3 வகுப்பறையில்தான் நாங்கள் படுத்தோம். தம்பி தன் மேசையைக் காட்டி, 'தாத்தா இதுதான் என் இடம், இதுக்குக் கீழே படுங்க' என்றான்.

சரி, வாட்சுக்கு வருகிறேன். அன்றைக்கு நீ கோல் எடுத்தாய், 'ஸ்கூல்ல இருக்கேம்மா' என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டான் என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நானும் டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உனக்கு வேலைக்கு நடுவே ஓய்வு கிடைப்பது நீ வேலை செய்கிற வீட்டு மேடம் எழும்புவதற்கு முன்னால், காலை ஆறு மணி. இங்கே அப்போது எட்டரை. டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நேரம். வாட்சில் உன் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது: 'சாமி, சாப்டியா?' பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று டீச்சர் நினைத்தாராம். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் 26 பிள்ளைகள், அதில் ஐந்து பேரின் அம்மா உன்னைப் போல வெளிநாட்டில். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், அவள் அம்மா சவூதிக்குப் போய் மூன்று வருசம். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் இடைவேளையில் தம்பியைச் சுற்றி வரிசை நின்றிருக்கிறது. எல்லோருக்கும் அவரவர் அம்மாவிடம் பேச வேண்டும். உன் மகன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம், அதற்கு பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போடும் அவித்த முட்டை. வீட்டில் அம்மாச்சியிடம் 'இன்னைக்கு மூணு முட்டை தின்னேன்' என்று பெருமையாகச் சொன்னான். அம்மாச்சியும் சமைக்கிற தாய்மார் நல்ல மனசோடு போட்டார்கள் என்று நினைத்து சந்தோசப்பட்டாள்.

அந்தச் சின்னப் பெண்ணும் முட்டையைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு அம்மாவின் நம்பர் தெரியாது. அது பாட்டியின் போனில் பேராக இருக்கிறதே தவிர, எண்ணாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்பர் இல்லாமல் கோல் போகாது என்று தம்பி சொல்லியிருக்கிறான். 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து வாட்சில் வாயை வைத்து, ஒரு நிமிசம் முழுக்கப் பேசிக்கொண்டே நின்றாளாம். டீச்சர் அதைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தம்பியை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வாட்சைக் கழற்றிக் கந்தோர் அலமாரியில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினார்.

நான் போனபோது கோபமாகத்தான் போனேன். மகள் ரத்தம் சிந்திச் சம்பாதித்து அனுப்பியது, இவர்கள் யார் பறிக்க என்று. டீச்சர் சொல்லி முடித்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். வாட்ச் நம் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. தரம் 5 பையன் ஒருவன் பேக்கில் போன் கொண்டுவந்து, கக்கூஸ் பக்கம் நின்று ஆட்களைச் சுடுகிற கேம் காட்டியிருக்கிறான். கூட்டத்தில் பெரிய சண்டை. த்ரீவீல் ஓட்டுகிற ஒருவர், 'பிள்ளை தேயிலை மலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதையில ரெண்டு மைல் நடக்குது. குளவி கொட்டினா யாருக்குச் சொல்றது? சிறுத்தை வந்தா? மண்ணு சரிஞ்சா?' என்று எழும்பிக் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. போன வருசம் குளவி கொட்டி மலையிலிருந்து எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அதிபர் நிதானமாகப் பேசினார். பிரான்ஸ் தேசத்தில் 2018இலேயே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன் பாவிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்களாம். யுனெஸ்கோ 2023இல் ஒரு அறிக்கை விட்டு, படிப்புக்கு உதவுகிற அளவுக்குத்தான் இந்தச் சாமான்கள் வகுப்புக்குள் வரவேண்டும் என்று சொன்னதாம். 'பிரான்ஸுக்கும் கொட்டகலைக்கும் என்ன சேர்?' என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது நான்தான். சிரித்தார்கள். அதிபரும் சிரித்துவிட்டு, 'அங்கே என்னவோ, இங்கே முட்டைப் பிரச்சினை' என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

முடிவு இதுதான். தரம் 1 முதல் 5 வரை எந்தப் பிள்ளையும் போனோ வாட்சோ டெப்லட்டோ கொண்டுவரக் கூடாது. வகுப்பு டீச்சரின் நம்பரையும் அதிபரின் நம்பரையும் ஒவ்வொரு கொப்பியின் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். தூரத்துப் பிள்ளைகள் தனியாக வராமல் லயம் லயமாகச் சேர்ந்து வரவேண்டும், முன்னாலும் பின்னாலும் ஒரு பெரிய பிள்ளை. இன்னொன்றும் செய்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுவேலையை வட்ஸ்அப் குரூப்பில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். தரம் 4இல் மட்டும் ஏழு வீட்டில் அந்த மாதிரி போன் இல்லை. அந்தப் பிள்ளைகள் தினமும் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாள் யாருக்கும் அது தெரியவில்லை. இப்போது பழையபடி கரும்பலகையில் எழுதுகிறார், எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

போன் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்காதே. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது உன் அண்ணன் மகள் எப்படிப் படித்தாள்? மூன்று வீட்டுக்கு ஒரு போன். தண்ணித் தாங்கிக்கு மேலே ஏறினால்தான் சிக்னல். மழைக் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆறு பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். அந்தத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் தள்ளித் தள்ளி 2022 ஜனவரியில்தான் நடந்தது, அவள் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தாள். அன்றைக்கு அந்தப் போன்தான் பள்ளிக்கூடம். இதை நான் மறக்கவில்லை. ஆறு பேர் ஒரு போனைப் பார்த்தார்கள் என்பதையும் மறக்கவில்லை.

இதில் என் குற்றமும் இருக்கிறது, உனக்கு மறைக்க மாட்டேன். தேயிலை ஸ்டோரில் ராக்காவல் முடித்துக் காலையில் வந்தால் மத்தியானம்தான் படுக்க முடிகிறது. தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொணதொணக்காமல் இருக்கட்டும் என்று என் போனைக் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். நீ ஒரு மாதத்துக்குப் போட்ட டேட்டா நாலு நாளில் முடிந்ததே, திருட்டுக் கம்பனி என்று நான் உன்னிடம் ஏசினேனே, கம்பனி ஒன்றும் செய்யவில்லை. ராத்திரிச் சாப்பாடும் போனோடுதான். ரொட்டியா சோறா என்றுகூடத் தெரியாமல் விழுங்குவான். கோயில் திடலில் எல்லே விளையாடக் கூப்பிட்ட பையன்கள் இரண்டு கிழமை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிடவே இல்லை. அதை நான் கவனிக்காமல் இருந்தேன் என்பதுதான் எனக்குச் சுடுகிறது.

நான் படித்த காலத்தில் நம்ம பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய தோட்டப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார், மணிக்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இலங்கையும் இந்தியாவும் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் எழுதின, நம்ம தோட்டத்து ஆட்களில் ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு என்று. அது எங்கள் வகுப்புக்கு வந்துசேர்ந்தது எழுபதுகளில். திங்கட்கிழமை வந்தால் வாங்கில் ஒரு இடம் காலியாக இருக்கும். ராமேஸ்வரம் போய்விட்டான் என்பார்கள். ஒருமுறை கூடலூரிலிருந்து என் பக்கத்தில் இருந்தவன் கடிதம் போட்டான். எனக்குத்தான் எழுதியிருந்தான், ஆனால் வாத்தியார் அதை ஐந்து வகுப்புக்கும் சேர்த்துச் சத்தமாக வாசித்தார். அங்கேயும் தேயிலைதான், ஆனால் குளிர் நம்ம ஊர்க் குளிர் இல்லை என்று எழுதியிருந்தான். அன்றைக்கு அந்தக் கடிதம் எனக்கு மட்டும் வந்தது என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இது ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியது. பள்ளிக்கூட நாளில் எட்டரைக்குக் கோல் எடுக்காதே. உனக்கு அதைவிட்டால் நேரமில்லை என்று தெரியும், அதனால்தான் யோசித்தேன். சனி, ஞாயிறு இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அதே உன் ஆறு மணி, அதே எங்கள் எட்டரை. அந்த இரண்டு நாளும் வாட்சை அவன் கையில் கட்டிவிடுகிறேன், முகம் பார்த்து எவ்வளவு நேரமானாலும் பேசு. மற்ற நாளில் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது என் போனுக்குப் பேசி அனுப்பு. பின்னேரம் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடிக்கும்போது போட்டுக் காட்டுவேன். அவன் பதில் சொல்லட்டும், நீ ராத்திரி படுக்கையில் கேட்டுக்கொள். அந்தச் சவூதிப் பிள்ளையின் பாட்டியோடும் பேசிவிட்டேன். நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளை பாடமாக்கிவிட்டாளாம். அவள் அம்மாவும் சனிக்கிழமை எடுக்கிறாள்.

நான் கொடுத்த போனைத் திருப்பி வாங்கிய முதல் கிழமை பெரிய பாடுதான். காலை உதைத்துக்கொண்டு அழுதான், 'அம்மா வந்தா சொல்லுவேன்' என்றான். வந்து கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. இரண்டாவது கிழமை திடலுக்குப் போய் ஓரமாக நின்றான். முதல் நாள் பந்து பொறுக்கிக் கொடுக்கத்தான் விட்டார்களாம்.

முட்டைக் கடனையும் தீர்த்தாகிவிட்டது. மொத்தம் ஒன்பது. அம்மாச்சி அவித்துக் கொடுத்தாள், தம்பிதான் கொண்டுபோய் ஒவ்வொரு ஆளாகக் கொடுத்தான். முகம் இஞ்சி தின்ற குரங்குதான், ஆனால் கொடுத்தான்.

மார்ச்சில் இல்ல விளையாட்டுப் போட்டி. தம்பி நீல இல்லம். சாக்கோட்டத்துக்கும் பணிஸ் தின்கிற போட்டிக்கும் பேர் கொடுத்திருக்கிறான். பழைய சப்பாத்து விரலைக் கடிக்கிறது, அடுத்த முறை டேட்டாவுக்கு அனுப்புகிற காசை இதற்கு அனுப்பு, ஹட்டனில் வாங்கிக்கொள்கிறேன். போட்டியை நான் என் போனில் படம் எடுத்து அனுப்புவேன். எனக்கு எடுக்கத் தெரியாது, பாதியில் என் விரல்தான் தெரியும், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா

கொப்பித்தாள் ஒன்று மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். தம்பி எழுதியது. எழுத்துப்பிழையைத் திருத்தவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். நான் வாசிக்கவில்லை.