இரவில் உடன் தங்குபவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளாகவே கோடை முகாம் துண்டறிக்கைகள் நாளிதழுக்குள் மடிந்து வீடு வந்து சேரத் தொடங்கிவிட்டன. ஏற்காட்டில் ஐந்து நாள், கொடைக்கானலில் ஒரு வாரம் என்று வண்ணப் படங்களுடன் வரும் அந்தத் தாள்களில் கயிற்றுப் பாலம், மலையேற்றம், கேம்ப் ஃபயர், கட்டணம் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் இரவில் எங்கே படுப்பார்கள், அவர்களுடன் யார் தங்குவார்கள் என்ற இரண்டு வரிகளை மட்டும் நான் பார்த்த எதிலும் காணவில்லை. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவியரைச் சாரணியர் முகாம்களுக்கும் வெளியூர் விளையாட்டுப் போட்டிகளுக்கும் அழைத்துச் சென்று வந்தவள் என்ற முறையில், பெற்றோர் கவனத்துக்குச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

முகாமுக்குப் புறப்படும் நாளில் பெற்றோர் என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பாடு, வெந்நீர், வாட்ஸ்அப் குழுவில் புகைப்படம் போடுவீர்களா என்பவைதாம். ஒரே ஒரு தந்தை மட்டும், "டீச்சர், பிள்ளைகள் படுக்கிற கூடத்துக்குப் பின்கதவு உண்டா, அதன் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். பேருந்து கிளம்பும் அவசரத்தில் இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தபோது கூடத்தின் பின்கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இரண்டு பெஞ்சுகளை இழுத்துக் கதவை அடைத்துப் போட்டு, நானும் உடன் வந்த ஆசிரியையும் அந்தப் பெஞ்சுகளின் மேலேயே மூன்று இரவுகள் படுத்திருந்தோம். அடுத்த ஆண்டு முதல் தங்குமிடத்தை முன்கூட்டியே நேரில் பார்க்காமல் நான் எந்த முகாமுக்கும் மாணவியரை அழைத்துச் சென்றதில்லை.

இது மிகையான அச்சம் என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். தேசிய மாணவர் படைப் பிரிவே இல்லாத ஒரு தனியார் பள்ளியில், அந்தப் படையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் முகாம் நடத்தினார்கள். மாணவியர் பள்ளி வளாகத்திலேயே இரவு தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசிய மாணவர் படை பின்னர் அறிவித்தது. விவரம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைது செய்யப்பட்டார்கள். சீருடையையும் விசிலையும் பார்த்த பிறகு அடையாள அட்டையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இதில் என்னை இன்றும் உறுத்துவது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, முகாமை நடத்துவது யார் என்பதை அவர்கள் வாயால் அன்றி வேறு வழியில் உறுதி செய்துகொள்வது. தேசிய மாணவர் படை முகாம் என்றால் அந்தப் பகுதியின் பட்டாலியன் அலுவலகத்துக்கும், சாரணர் முகாம் என்றால் சாரணர் இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், பள்ளி நடத்துவது என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை இது. தனியார் அமைப்பாளர்கள் என்றால், வீட்டுக்கு வந்து இனிக்கப் பேசுபவரும் இரவில் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை என்பதை நினைவில் வைத்து, தங்கப்போகிற ஒவ்வொருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். பெண் பிள்ளைகளுடன் பெண்கள் தங்குகிறார்களா, கழிப்பறைக்கு இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது என்ற விதி உண்டா என்பனவற்றைக் கூச்சப்படாமல் கேட்கலாம். ஒழுங்காக முகாம் நடத்துகிறவர்களுக்கு இக்கேள்விகளால் கோபம் வராது. காட்டுக்குள் நடைப்பயணம் உண்டென்றால் வனத்துறை அனுமதியின் நகலைக் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத் தீயில் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது.

அடுத்தது தண்ணீர். 2023 பிப்ரவரி 15 அன்று, தொட்டியத்தில் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற புதுக்கோட்டை மாவட்ட அரசு நடுநிலைப் பள்ளி மாணவியர் நால்வர், மாயனூர் அருகே காவிரியில் இறங்கி மூழ்கி இறந்தார்கள். அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது பந்து விளையாட. ஆற்றில் குளிக்க அல்ல. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஆறும் அருவியும் அணையும்தான் ஆபத்தானவை, ஏனெனில் அவற்றுக்கு யாரும் கயிறோ மிதவையோ நீந்தத் தெரிந்த ஆளோ ஏற்பாடு செய்திருப்பதில்லை. நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்கும் ஆற்றுச் சுழல் புதிதுதான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும்போது, "நீர்நிலைகளில் இறங்க என் அனுமதி இல்லை" என்று ஒரு வரியைப் பேனாவால் சேர்த்து எழுதிவிடுங்கள். அதே கடிதத்தில் "எந்த அசம்பாவிதத்துக்கும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பார்கள். நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதாலேயே கவனக்குறைவுக்கான குற்றப் பொறுப்பிலிருந்து அவர்கள் விடுபட்டுவிட முடியாது.

மருந்து விஷயத்தில் தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரைப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்து அனுப்பிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். வலிப்பு இருப்பதையும், படுக்கையில் சிறுநீர் கழிப்பதையும் வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. இரண்டாம் நாள் காலையில் ஈரப் பாயைச் சுருட்டி ஒளித்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமியின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நள்ளிரவில் ஒருமுறை எழுப்பி விட்டிருப்பேன். இன்னொன்று, கிராமப்புறக் கட்டடங்களில் தரையில் படுக்கவைப்பார்கள் என்றால் கொசுவலையை ஓரம் செருகிப் படுக்க வசதி உண்டா என்று கேளுங்கள். இரவில் வீட்டுக்குள் வரும் கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழுது, கண்ணிமைகள் சரியத் தொடங்கினால், ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரவு முழுதும் ஒரு வண்டியும் ஓட்டுநரும் முகாமிலேயே இருக்க வேண்டும்.

பிள்ளையிடம் பேச வேண்டியவையும் உண்டு. பெற்றோரின் கைபேசி எண் இன்று பல பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிவதில்லை. அதையும், சிறார் உதவி எண்ணான 1098 ஐயும் ஒப்பிக்கும்படி செய்யுங்கள். யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டாலோ, இதை வீட்டில் சொல்லாதே என்றாலோ, அதுவே முதலில் வீட்டில் சொல்ல வேண்டியது என்பதைப் பையன்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். வீட்டு நினைவில் பிள்ளை அழும் என்பது உண்மை. முதல் இரண்டு இரவுகள்தாம் கடினம். "பிடிக்கவில்லை என்றால் ராத்திரியே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்து அனுப்பினால் பிள்ளை அந்த வாக்கையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஆனால் வெறும் அழுகைக்கும் அச்சத்துக்கும் வேறுபாடு உண்டு. அச்சம் குரலில் தெரிந்தால் கட்டணத்தைப் பாராமல் கிளம்பிப் போய்விடுங்கள்.

திரும்பி வந்த பிள்ளை ஒருவரின் பெயரைச் சொன்னாலே வாயை மூடிக்கொள்கிறது என்றால், முகாம்காரர்களிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் காவல் நிலையத்துக்கோ 1098 க்கோ சொல்லிவிடலாம். போக்சோ சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரையிலும், அதை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் பிள்ளைகளை இரவு தங்கவைக்கும் முகாம்களை ஏப்ரல் மாதத்திலேயே பதிவு செய்யச் சொல்லி, நடத்துபவர் பெயர், தங்குமிடம், உடன் தங்கும் பெரியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் பட்டியலை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தங்கள் நாளிதழும் மாவட்டப் பக்கங்களில் வெளியிட்டால் துண்டறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல்