வழக்கில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நட்புகளுக்கும்,

என் வீட்டுக்காரர் மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்துவிட்டது. உத்தரவு நகல் கைக்கு வரட்டும் என்று காத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுந்தனாருக்கும் என் ஓரகத்திக்கும் தகராறு முற்றி, 2022-ல் மகளிர் காவல் நிலையத்துக்குப் புகார் போனது. அதில் மாமியார், நாத்தனார், இவர் என்று எல்லோர் பெயரும் ஏறிவிட்டது. பிரிவு 498ஏ, அதாவது மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமை செய்தார்கள் என்ற குற்றம். இவர் அடித்ததாகத் தேதி போட்டிருந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு இவர் ஓசூரில் நைட் ஷிப்டில் இருந்தார்.

வக்கீல் அம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது போய்விடலாமா என்று நாங்கள் நடுங்கியபோது, உட்கார வைத்து விளக்கினீர்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் தரும் 41ஏ நோட்டீஸ் வந்தால் தைரியமாகப் போய் நில்லுங்கள் என்றீர்கள். போய் நின்றோம். அப்புறம் வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் 482 மனு. குடும்பமே கொடுமை செய்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, யார் என்ன செய்தார் என்று இருக்க வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்து அதை எழுதினீர்கள்.

சூப்பர்வைசர் அண்ணன், போலீஸ் விவகாரம் என்று ஒதுங்காமல் கைரேகை வருகைப் பதிவை வாங்கித் தந்தீர்கள். சம்பளத்தை விட்டுவிட்டு விசாரணைக்கும் வந்தீர்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். "பெரியவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. சின்னவன் வீட்டுல சத்தம் கேட்டது நிசம்" என்று இரண்டையும் சொன்னார். இரண்டாவதைச் சொன்னதில் மாமியாருக்குக் கோபம். எனக்கு இல்லை. எங்களுக்காக ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லாதவர் என்பதால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

ஆறுதல் சொல்ல வந்த சிலர், பெண்கள் கொடுக்கிற புகாரே இப்படித்தான் என்றார்கள். உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் அந்தப் பேச்சு எனக்கு ஒப்பாது. என் சொந்த அக்கா அடிபட்டு வந்து நின்றவள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கிடைத்த பாதுகாப்பு உத்தரவால்தான் இன்றைக்குப் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறாள். கொழுந்தனார் மேல் உள்ள வழக்கு தனியாக நடக்கிறது. அதில் என் ஓரகத்தி பக்கம் நியாயம் இருந்தால் அவளுக்கு அது கிடைக்க வேண்டும்.

வாய்தா நாட்களில் என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சோறு போட்ட மாடி வீட்டு மதினிக்கும், தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை அப்படியே என் கையில் கொடுத்த தையல் கடை அக்காவுக்கும் நன்றி. அக்கா, உங்கள் பணம் தை மாதத்துக்குள் வந்து சேரும்.