சக்கி சாச்சாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் தொடங்கி டோம்பிவிலி வரைக்கும் சிதறிக் கிடக்கும் நம் மக்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நம் சேர்ந்திசைக் குழுவின் கச்சேரி இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. போன மாதம் இதே நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். மழையில் என்ன ஆயிற்று, ஹால் எப்படிக் கைவிட்டுப் போயிற்று, ஆர்மோனியம் என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் வந்து பார்த்தவர்கள்தானே. அதை விடுவோம். கச்சேரி முடிந்த கையோடு கடைசி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவோம் என்பதால் நன்றியை முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் குழுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவருக்கு.

ஹால் போன பிறகு சயான் கோலிவாடாவில் ஒரு மாடி அறை கிடைத்தது. பாஸ் வரிசையில் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடும் அண்ணாவின் மச்சினர் கொடுத்தார். வாடகை இல்லை, காற்றாடி உண்டு, நெருக்கிப் பிடித்தால் நாற்பது பேர் நிற்கலாம். ஒரே சங்கடம், நேர் கீழே மாவு அரைக்கும் சக்கி. சாயங்காலம் ஏழு மணி என்றால் அங்கே எப்படி இருக்கும் என்று மும்பையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வேலை விட்டு வருகிறவர்கள் கோதுமை டப்பாவை இறக்கிவைத்துவிட்டு, ராத்திரி சப்பாத்திக்கு மாவு வாங்கிப் போக நிற்கும் நேரம். முதல் நாள் நாங்கள் வாயைத் திறந்ததும் தரை அதிர்ந்தது. ஜன்னல் கம்பியில் மாவு படிந்திருந்தது. டெனர் வரிசைக்கு (ஆண்களின் மேல்குரல்) மூக்கை அடைத்துக்கொண்டது.

சத்தத்தை விடுங்கள், அதற்குள் ஒரு சுருதி இருந்ததுதான் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி, அதனால் மோட்டாரின் ரீங்காரம் அதன் இரட்டிப்பில், 100-இல் நிற்கும், என்று மச்சினர் தயவில் இடம் வாங்கித்தந்த அதே அண்ணா விளக்கினார். மின் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்த மாதிரிச் சமயத்துக்காகவே காத்திருப்பவர். எங்கள் சுருதி ஐந்து கட்டை. ஆண்கள் கீழ் ஸ்தாயியில் பிடிக்கும் ஷட்ஜம் ('ஸ') 98 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். வெகு தூரத்தில் இருந்திருந்தால் ஒதுக்கிவிட்டுப் பாடியிருப்போம். இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் காது அதன் பின்னாலேயே போயிற்று.

மறுநாள் போனால் சக்கி ஓடவில்லை. கரண்ட் இல்லையோ என்று நினைத்தோம். படிக்கட்டு ஓரத்தில் கோதுமை, பஜ்ரா (கம்பு), ஜோவார் (சோளம்) விலை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கரும்பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது. "சாத் சே ஆட் சக்கி பந்த். ஊபர் கானா ஹை." ஏழிலிருந்து எட்டு வரை சக்கி கிடையாது, மேலே பாட்டு. நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கலாமா என்று குழுவில் ஒரு விவாதம் நடந்ததே தவிர, பிழைப்பில் கைவைக்கிற மாதிரி ஆகுமே என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சக்கிக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், வயது எழுபதை ஒட்டி இருக்கும், புருவத்தில்கூட மாவு. எங்கள் பிள்ளைகள் சாச்சா (சித்தப்பா) என்று கூப்பிட ஆரம்பித்து எங்கள் எல்லோருக்கும் சாச்சா ஆகிவிட்டார். அன்று முதல் ஏழடித்தால் மோட்டார் நிற்கும். எட்டுக்கு மறுபடி ஓடும். சேர்ந்து போன டப்பாக்களை அரைத்து முடித்து ஷட்டரை இறக்க அவருக்குப் பத்தரை மணி ஆகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

கதை அதோடு முடிந்திருந்தாலே இந்த மடல் எழுதத் தகும். ஆனால் அவர் எங்களைக் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

சேர்ந்திசைக்கு ஒரு பழைய வியாதி உண்டு. பக்கவாத்தியம் இல்லாமல் பாடினால் குழு மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கும். எல்லோரும் கூடியே இறங்குவதால் பாடுகிறவர் காதுக்கு அது பிடிபடாது. ஒரு நாள் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கீழே எட்டு மணிக்கு மோட்டார் கிளம்புகிறது. பாட ஆரம்பித்தபோது அதன் தோளில் இருந்த நாங்கள் இப்போது இடுப்பில் நிற்கிறோம். எங்களை நடத்தும் பாட்டு டீச்சர் கையை இறக்கிவிட்டார். யாருக்கும் பேச்சு வரவில்லை. இறங்கி வரும்போது சாச்சா சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்: "மூணாவது பாட்டுலதான் கீழே வந்துடறீங்க. தினமும் அதே இடம்."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டோம். கல்லுக்கு நடுவே தானியம் தீரும்போது சத்தம் மாறும், அந்த நொடியில் கை போகாவிட்டால் கல்லோடு கல் உரசிப் பாழாகிவிடும், வாலிபத்திலிருந்து இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்றார்.

மறுநாள் டீச்சர் வேறெதையும் தொடவில்லை, மூன்றாவது பாட்டு மட்டும். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் நீளமான கார்வை வரும் இடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம், திரும்பிப் பிடிக்கும்போது ஒரு இழை கீழே. இப்போது பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்காத இடம் பார்த்து எடுக்கிறோம். கூடவே டீச்சர் சுருதியை ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றிவிட்டார். தொண்டை கொஞ்சம் முழித்துக்கொண்டு பாடுகிறது, மோட்டாரையும் தாண்டியாயிற்று.

எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றாகப் பாடுகிறவர்கள்தான் சேர்ந்திசைக்கு முதல் இடைஞ்சல். கமகம் பழகிய தொண்டைக்கு ஒரு ஸ்வரத்தை ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்துவது பெரிய தண்டனை, பக்கத்துக் குரலைக் கேட்டு அடங்குவது அதைவிடப் பெரிய தண்டனை. எம்.பி. சீனிவாசன் 1970களில் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துக் குழு அமைத்துப் பாரதியார் பாட்டைப் பல குரலில் பாடவைத்தாரே, அவர் எத்தனை வித்வான்களைச் சமாளித்தாரோ தெரியவில்லை. கேட்கிற பழக்கம் பாட்டு வகுப்பில் வருவதைவிடச் சக்கிக் கடையில் சீக்கிரம் வரும் போலிருக்கிறது.

பணம் கொடுக்கப் போனோம். உறையைத் தொடவே இல்லை. மோட்டாருக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது, கரண்ட் பில்லும் குறைகிறது, என்று கணக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எட்டு மணிக்கு மேல் அதே மோட்டார் அதே மாவைத்தான் அரைக்கிறது, பில் எங்கே குறையும்? மின் இலாகா அண்ணாவே அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். கச்சேரிக்கு அழைத்தோம், முன்வரிசை நாற்காலி என்று ஆசை காட்டினோம். ஞாயிற்றுக்கிழமை வியாபார நாள், வர முடியாது, அதான் தினம் கேட்கிறேனே, என்றார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், வரிசை பார்த்து யாரும் வருத்தப்பட வேண்டாம். நனைந்த ஸ்வரத் தாள்களை இஸ்திரி போட்டுக் காயவைத்த செம்பூர் மாமி. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்காகப் பாட்டு முழுவதையும் தேவநாகரியில் கையால் எழுதித் தந்த அவருடைய மருமகள். ஆர்மோனியம் இரவல் கொடுத்து, திருப்பித் தர அவசரமில்லை என்ற மாட்டுங்கா பஜனைக்காரர்கள். மராத்தி பக்திப் பாட்டான அபங்கத்தில் எங்கள் உச்சரிப்பைத் திருத்திய, சிரிப்பை அடக்கிய தாதர் தோழி. தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கிலும் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்த டோம்பிவிலி கோஷ்டி. லேடீஸ் பெட்டியில் அவர்கள் ஒத்திகை பார்த்ததைப் பொறுத்துக்கொண்ட சக பயணிகள். புது ஹாலுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருப்பவர் (எங்களுக்குத் தெரியும், சார்). பிளாஸ்கில் காபி கொண்டுவந்த அத்தனை பேரும்.

இன்னும் ஒரு கூட்டம் பாக்கி. அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. டப்பா மூடியில் ஒட்டிய காகிதத்தில் வீட்டு எண்ணை மட்டும் பார்த்திருக்கிறோம். ஏழு மணிக்கு மாவு வாங்கி ஏழரைக்கு அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த மாதம் முழுக்க எட்டு மணிக்கு மேல் காத்து நின்றார்கள். சாச்சா தன் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்தார் என்றால், கோலிவாடாவின் அந்த வீடுகள் பிள்ளைகளின் பசியில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கின்றன. ஒருவர்கூட மாடியைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. ஒரு ஆயி (அம்மா) மட்டும் படியில் என்னை நிறுத்தி, அபங்கத்தை இன்னும் கொஞ்சம் வேகமாகப் பாடக் கூடாதா என்று கேட்டார். டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம், மோதகத்துக்கு அரிசி மாவு கேட்டு வரிசை தெருவைத் தொட்டபோதும் பலகையில் இருந்த வரியைச் சாச்சா அழிக்கவில்லை. நாங்களாகத்தான் பயிற்சியைக் காலை ஆறரைக்கு மாற்றிக்கொண்டோம். அதனால் குழு கூடி ஒன்று முடிவு செய்திருக்கிறது, இங்கேயே அறிவித்துவிடுகிறேன். கச்சேரிக்குப் பிறகும் அந்த அறையில்தான் பாடுவோம், ஆனால் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் சாயங்காலப் பயிற்சி கிடையாது. சக்லி (முறுக்கு) மாவும் கடலை மாவும் அரைபடும் நேரம் அது. பலகையைத் துடைக்கச் சொல்லிச் சாச்சாவிடம் போய்ப் பேசும் பொறுப்பு டெனர் வரிசைக்கு. சம்மதிக்க மாட்டார், வாதாட வேண்டியிருக்கும், இந்தி நன்றாகப் பேசுகிறவராகப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆல்ட்டோ வரிசையிலிருந்து (பெண்களின் கீழ்க்குரல்), குழுவின் சார்பில்