பாய்மரத்துக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகில் உச்சி விளக்கு எரியவில்லை; பட்டறையில் கேட்டால் பாய்மரத்தையே கிரேன் வைத்து இறக்கி, உள்ளே ஓடும் வயர், கயிறு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்; ஒரு வயருக்கு இத்தனை நாள் கூலியா என்று கேட்டிருந்தார். கிள்ளான் துறைமுகத்தில் பல வருடமாக இதே வேலையைச் செய்பவன் நான். அந்தப் பட்டறைக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி.

12 மீட்டர் படகுக்குப் பாய்மரம் ஏறத்தாழ 16 மீட்டர் இருக்கும். பெரும்பாலும் உள்ளே வெற்றிடமாக உள்ள அலுமினியம். அதற்குள் பாயை ஏற்றி இறக்கும் ஹால்யார்ட் கயிறுகள் மூன்று, நான்கு ஓடும். கூடவே உச்சி விளக்கு, நங்கூர விளக்கு, நடுமரத்து விளக்கு, காற்றுமானி, ரேடியோ ஆன்டெனா என்று ஒவ்வொன்றுக்கும் தனி வயர். இந்த வயர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போக வேண்டும். பழைய படகுகளில் அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் ரிவெட் விட்டுப்போய், குழாய் கழன்று, வயரும் கயிறும் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். அப்புறம் பாய் ஏறும்போதெல்லாம் கயிறு வயரின் தோலை உரசும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரிவெட் முனை கயிற்றையும் அறுக்கும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆள் ஏறிச் செய்யலாமே என்று பலரும் கேட்கிறார்கள். பல்பு மாற்றலாம், கப்பி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கயிறு மாற்ற ஏறவே வேண்டாம். பழைய கயிற்றின் முனையோடு புதுக் கயிற்றின் முனையை ஊசி நூலால் தைத்து, டேப் சுற்றி, கீழிருந்து இழுத்தால் போதும். தையல் கப்பியில் சிக்காமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டு யாராவது பழைய கயிற்றை உருவிவிட்டால்தான் வேதனை. உச்சியிலிருந்து மெல்லிய கயிற்றில் சிறு சங்கிலியைக் கட்டி உள்ளே இறக்கி, கீழே கயிறு வெளியே வரும் வாய் இருக்கும் இடத்தில் வளைந்த கம்பியால் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே வயர் குறுக்கே கிடந்தால் சங்கிலி அதில் மாட்டிக்கொள்ளும். ஒரு காலைப்பொழுது முழுவதும் அதிலேயே போகும். கழன்ற குழாயை நிற்கிற மரத்தில் தொங்கிக்கொண்டு ஒழுங்காகப் பொருத்துவதோ இன்னும் கஷ்டம். அதற்குத்தான் கிரேன்.

ஒரு வயர் போயிருந்தால் எல்லாவற்றையும் ஏன் மாற்ற வேண்டும்? எல்லாம் ஒரே வயது, ஒரே உப்புக்காற்று. செலவில் பெரும்பகுதி கிரேனுக்கும் ஆள் கூலிக்கும் போகிறது. வயரின் விலை அதில் சிறு பங்கு. தயவுசெய்து வீட்டு வயரை வாங்கிக் கொடுக்காதீர்கள். வெறும் செம்பு உப்பில் கறுத்துப் பொடியாகிவிடும். செம்பின் மேல் வெள்ளீயம் பூசிய கடல் வயரே வேண்டும். உச்சியில் அதை இறுக்கிக் கட்டவும் வேண்டும். இல்லையென்றால் முழு நீளத்தின் எடையும் விளக்கின் திருகாணியில் தொங்கும். மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீல் எனும் அடிமுதுகு வரை இறங்கும் படகுகளில் அடியில் உள்ள இணைப்புகள் தேங்கிய நீரில் நனைந்தே கிடக்கின்றன. நான் பார்த்த பழுதுகளில் நிறைய அங்கேதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் ஓட்டுவது மலாக்கா நீரிணையில். உலகத்திலேயே கப்பல் நெரிசல் மிகுந்த வழிகளில் ஒன்று. 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு தன் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளை உச்சியில் ஒரே கூட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் அனுமதிக்கின்றன. அந்த ஒரு வயர் அறுந்தால் மூன்றும் அணையும். இன்ஜினில் போனால் நடுமரத்து வெள்ளை விளக்கு எரிய வேண்டும். அந்த வயரும் இதே மரத்துக்குள்தான். ரேடியோவின் அவசர அழைப்புச் சேனலான 16-ஆம் சேனலில் உதவி கேட்டால் எட்டவேண்டிய தூரத்துக்கு எட்டுவது ஆன்டெனா உச்சியில் இருப்பதால். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த உயரத்தால் பயனில்லை. இருட்டில் எதிரே வரும் கன்டெய்னர் கப்பல் நினைத்த மாத்திரத்தில் திரும்பவோ நிற்கவோ முடியாது. படகில் இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் படகுப் போட்டி இங்கிருந்து புறப்பட்டு பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும். அதன் கட்டங்களில் இரவு ஓட்டம் உண்டு. கலந்துகொள்ள நினைப்பவர்கள் கடைசி வாரத்தில் ஓடி வராமல் இப்போதே மரத்தை இறக்குங்கள். அந்த வாசகருக்கும் இதையே சொல்கிறேன். மரத்தை மறுபடி நிறுத்துவதற்கு முன், தரையில் கிடக்கும்போதே பேட்டரி வைத்து ஒவ்வொரு விளக்கையும் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை வயர் இழுக்க, குழாய்க்குள் உச்சி முதல் அடி வரை ஒரு மெல்லிய கயிற்றை விட்டுவைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு வயரிங் தொழிலாளி,
கிள்ளான் துறைமுகம்.