ஏழு பிள்ளைகளா, பன்னிரண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடிதப் பகுதியில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. குந்தி கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டதைப் பார்த்துத்தான் பைபிளில் மோசே கதையை எழுதிக்கொண்டார்கள் என்று ஒருவர், இல்லை, அங்கிருந்துதான் இங்கே வந்தது என்று இன்னொருவர். களவு போன பாத்திரத்துக்கு உரிமை கேட்கிற மாதிரி இருக்கிறது.

சரி, மூன்றாவதாக ஒரு குழந்தையும் இருக்கிறதே, அதை யார் கணக்கில் வைப்பது? கி.மு. 2300 வாக்கில் இன்றைய ஈராக் பக்கம் அக்காத் நாட்டை ஆண்ட சர்கோன். தாய் தலைமைப் பூசாரினி, தகப்பன் யாரென்று தெரியாது, நாணல் கூடையில் கீல் பூசி ஆற்றில் விடுகிறாள், தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் எடுத்து வளர்க்கிறான், பையன் ராஜாவாகிறான். இதைச் சொல்லும் களிமண் பலகைகள் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சர்கோன் செத்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலே. இதை வைத்து யார் முந்தி என்று எப்படிப் பஞ்சாயத்துப் பண்ணுவது?

கூடை ஒன்றாக இருப்பதையே பார்க்கிறோம், அது போய்ச் சேர்ந்த வீட்டைப் பார்ப்பதில்லை. கர்ணன் ராஜகுமாரி பெற்ற பிள்ளை, தேரோட்டி வீட்டில் வளர்கிறான், உண்மை தெரிந்த பிறகும் வளர்த்த தாய் ராதையை விட்டு வரமாட்டேன் என்கிறான். மோசே நேர்மாறு: அடிமைகள் வீட்டுப் பிள்ளை, பார்வோன் மகளிடம் வளர்ந்து, கடைசியில் தன் சனத்திடமே திரும்புகிறான். சர்கோன் கதையோ, குலம் கோத்திரம் தெரியாதவன் சிம்மாசனம் ஏறினால் ஊர் கேட்கிற கேள்விக்குச் சொன்ன பதில் மாதிரி இருக்கிறது. வியன்னாவில் ஓட்டோ ராங்க் என்ற மனோதத்துவக்காரர் 1909இலேயே இவர்கள் மூவரையும் ரோமின் ரோமுலஸையும் இன்னும் பலரையும் வரிசையாக வைத்துப் பார்த்து, பெற்றவர்களைப் பற்றி எல்லாக் குழந்தைக்கும் வரும் கற்பனைதான் இதற்கு மூலம் என்றார். எனக்கு அது பாதிதான் ஒப்புதல். பெற்ற பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் விட்டுவிட்டுப் போன தாய்மார் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள், கற்பனைக்கு முன்னால் அதுவும் ஒரு காரணம்தானே.

இதில் தலையிட எனக்கென்ன தகுதி என்றால், நான் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். பாட்டி பொள்ளாச்சிப் பக்கம், ஆதியும் பகவனும் பெற்ற ஏழு பிள்ளைகள் கதையைச் சொல்லித்தான் சோறூட்டுவாள்: ஔவை, உப்பை, உறுவை, வள்ளி, அதிகமான், வள்ளுவர், கபிலர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மலையாளம் மாஷ் வரருசியும் பறச்சியும் பெற்ற பன்னிரண்டு பேர் கதையைச் சொன்னார். நான் எழுந்து "மாஷே, ஏழுதான்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இரண்டிலும் அப்பன் பிராமணன், அம்மா பறையர் வீட்டுப் பெண். இரண்டிலும் தலையிலிருக்கும் பழைய தழும்புதான் அவள் யாரென்று காட்டிக்கொடுக்கிறது. மலையாளக் கதையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது தெரியுமா? பிறந்த பெண் குழந்தையின் தலையில் சின்னப் பந்தத்தைக் குத்தி வாழைத்தண்டுத் தெப்பத்தில் வைத்து ஆற்றில் விட்டார்கள். கர்ணன், மோசே என்று அடித்துக்கொள்கிறவர்கள் இவளை மறந்தேபோனார்கள். அவள் வளர்ந்து ராஜ்யம் எதையும் பிடிக்கவில்லை, அதனாலோ என்னவோ.

இரண்டிலும் பெற்ற பிள்ளைகளை அங்கங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு சாதி வீட்டில் வளர்கிறார்கள், பன்னிரண்டு பேரில் பாக்கனார் பறையர் குடிலில், அக்னிஹோத்ரி நம்பூதிரி இல்லத்தில். சங்கக் கபிலரையும் வள்ளுவரையும் ஒரே வயிற்றில் பிறக்க வைக்கும் கதையை யாரும் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தீண்டாமை இருந்த ஊரில், எல்லோரும் ஒருத்தி பெற்றவர்கள்தான் என்று சொல்ல எல்லையிலிருக்கும் வாளையாற்றுக்கு இந்தப்புறமும் ஆள் இருந்தது, அந்தப்புறமும் ஆள் இருந்தது. யார் யாரிடம் கேட்டார்கள் என்றெல்லாம் இனி பிரிக்க முடியாது. ஆழியாற்றுத் தண்ணீரைப் பிரிக்க 1970இல் தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தம் போட்டன, மணக்கடவில் எங்களுக்கு வருஷம் 7.25 டிஎம்சி என்று. அதற்கே இன்னும் மல்லுக்கு நிற்கிறோம்.

கதை பிரிகிற இடம் ஒன்று உண்டு. ஏழு பேர் கதையில் அழுகிற தாய்க்குப் பிள்ளைகளே பாட்டுப் பாடி ஆறுதல் சொல்கின்றன, படைத்தவன் சோறு போடுவான் என்று. பன்னிரண்டு பேர் கதையில் ஒவ்வொரு பிரசவத்திலும் வரருசி "வாய் இருக்கிறதா?" என்று கேட்பார், இருக்கிறது என்றால், வாயைக் கொடுத்தவன் இரையும் கொடுப்பான், விட்டுவிட்டு வா என்பார். பதினொரு பிள்ளைகளை விட்டவள் பன்னிரண்டாவதற்கு வாய் இல்லை என்று பொய் சொல்லிவிட்டாள். பார்த்தால் நிஜமாகவே வாய் இல்லை. அந்தப் பிள்ளைதான் வாயில்லாக்குன்னிலப்பன், பாலக்காட்டு ஜில்லாவிலேயே கோயில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் ஆதி ஒரு பிள்ளைக்காவது பொய் சொன்னதாகக் கதை கேட்டவர்கள் யாராவது இருந்தால் இதே பகுதிக்கு எழுதுங்கள். பாட்டியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்