கார்த்தியின் வீல் ஆசை

புதுச்சேரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே அம்மா நன்றாக இருக்கிறார்கள். பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. சர்க்கரை ஏறும் என்று நான் எவ்வளவு சொன்னாலும், பட்டறைக்குக் கிளம்பிய மறு நிமிடம் நாலு சுளை உள்ளே போய்விடுகிறது.

கார்த்தி தன் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் பைக்குக்கு ஃபோர்ஜ்டு அலுமினிய வீல், அதாவது பிரஸ்ஸில் அமுக்கி உருவாக்கிய வீல், செய்து போடணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், "லேத் பட்டறைக்காரன் நீயே சொல்லு" என்று என்னிடம் தள்ளிவிட்டாய். சரி, சொல்கிறேன்.

முதலில் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேள். ஸ்போக்ஸ் கம்பி வீலில் டியூப் கிடக்கிறது, பஞ்சர் ஆனால் வழியில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அதுதான் தொல்லை என்றால் இவ்வளவு செலவே தேவையில்லை. 2023-லிருந்து அந்த வண்டியின் சில மாடல்களுக்குக் கம்பெனியே டியூப்லெஸ் டயரோடு அலாய் வீல் தருகிறது. அது வார்ப்பு வீல்தான், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எடை குறையணும், வண்டி சட்டென்று திரும்பணும் என்றால் அது வேறு பேச்சு. டேங்கில் ஒரு கிலோ குறைவதும் வீலில் ஒரு கிலோ குறைவதும் ஒன்றல்ல. வீல் சுற்றுகிறது, அதோடு ஷாக் அப்சார்பருக்குக் கீழே இருக்கிறது. அது கனமாக இருந்தால் பள்ளம் மேட்டில் சஸ்பென்ஷன் அதைப் பிடித்து நிறுத்தத் திணறும். அதிலும் ரிம் பக்கம் உள்ள எடைதான் பெரிய விஷயம். அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கிற எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் நாலு மடங்கு பாடு. ஆகவே ஹப்பை, அதாவது வீலின் நடுப்பகுதியைக் குடைந்து எடை குறைத்ததாகச் சொல்கிறவனிடம் ரிம் எவ்வளவு குறைந்தது என்று கேட்கச் சொல்.

இப்போது ஃபோர்ஜிங். வார்ப்பில் உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுகிறோம். உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் தங்க வாய்ப்பு உண்டு, அதனால் சுவரைத் தடிமனாகவே வைக்க வேண்டும். ஃபோர்ஜிங்கில் உருக்குவதே இல்லை. கட்டியை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆயிரக்கணக்கான டன் பிரஸ்ஸில் அமுக்குகிறார்கள். துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும், உலோகத்தின் இழையோட்டமும் வீலின் வடிவத்தோடு வளையும். கடலூர் முதுநகரில் படகு கட்டுகிறவர்கள் வளைந்த சட்டத்துக்கு நேர்மரத்தை அறுக்காமல், வளைந்தே வளர்ந்த கிளையாகத் தேடுவார்கள் இல்லையா, அதே காரணம்தான், இழை அறுபடக் கூடாது. அப்புறம் சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில், கடைந்து வடிவம் எடுப்பார்கள்.

இங்கேதான் ஒரு தில்லுமுல்லு நடக்கிறது. முழு அலுமினியக் கட்டியை நேரடியாக சிஎன்சியில் குடைந்துவிட்டு, அதையே ஃபோர்ஜ்டு என்று விற்கிறார்கள். பளபளப்பில் வித்தியாசமே தெரியாது. அந்த வீல் மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இழையோட்டம் வெட்டுப்பட்டிருக்கும். ஃபோர்ஜிங் விலை கொடுக்க அது தகுதி இல்லை. கார்த்தி கேட்க வேண்டியது: எந்த அலாய் (உலோகக் கலவை), எந்த ஹீட் ட்ரீட்மென்ட் (சூட்டில் பதப்படுத்துவது), சோதனை அறிக்கை உண்டா. 6061-டி6 என்று பதில் வந்தால் நல்லது; 6061 என்பது அலுமினியக் கலவையின் எண், டி6 என்பது பதத்தின் பெயர். அதை 530 டிகிரி வாக்கில் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 175 டிகிரி அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பலம் பாதிக்குமேல் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒருவர் கோணலான ஃபோர்ஜ்டு வீல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே எங்கேயோ கேஸ் டார்ச்சால் காய்ச்சி நிமிர்த்தியிருந்தார்கள். பெயின்ட் கருகின இடத்தைப் பார்த்ததும் வேலை செய்ய மறுத்துவிட்டேன். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ரிம் என்றால் கம்பியை இழுத்துக் கோணல் எடுத்துவிடலாம், அது இரும்பு. டி6 அலுமினியத்தில் டார்ச் பட்ட இடம் மென்மையாகிவிடும், மறுபடி பள்ளத்தில் விழுந்தால் அங்கேதான் மடங்கும். அவருக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

உனக்குத் திருச்சியில் இல்லாத ஒரு பிரச்சினை எங்களுக்கு உண்டு: உப்புக்காற்று. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் தொடும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் தின்னப்படும். கார்த்தி அடிக்கடி இங்கே ஈசிஆரில் ஓட்ட வருகிறான் என்பதால் சொல்கிறேன், அனோடைசிங் செய்த, அதாவது மேலே காப்புப் படலம் ஏற்றிய வீலாகப் பார்க்கச் சொல். ஊருக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவணும். மெக்னீசியம் வீல் இன்னும் லேசு என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கடற்கரைப் பக்கமே வேண்டாம்.

டயர் அளவை மட்டும் மாற்ற விடாதே. முன்னே 100/90-18, பின்னே 130/70-18, இரண்டும் அப்படியே இருக்கட்டும். அகல டயர் போட்டால் செயின் லைன், ஏபிஎஸ் கணக்கு எல்லாம் குழம்பும், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். பின் ஹப்பில் செயின் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் குஷ் ரப்பர் உட்காரும் இடம், பேரிங் குழி, டிஸ்க் முகம் மூன்றும் பிசகினால் எவ்வளவு லேசான வீலும் வீண்தான்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் ஆளிடம் கொடுத்துவிடப் போகிறான், ஜாக்கிரதை. ஹப்பை நூறு டிகிரி வரை சீராகச் சூடாக்கினால் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், பேரிங் தானாக உள்ளே இறங்கும். அந்தச் சூடு பதத்தைத் தொடாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்கிறவனின் வரைபடத்தை எனக்கு அனுப்பச் சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தான் என்றால் பழைய வீலைக் கழற்றி, ஒப்பிட்டு அளந்து கொடுக்கிறேன். வருகிறவன் கையில் மணப்பாறை முறுக்கு கொடுத்துவிடு. அம்மாவுக்குப் பலாவைவிட அது தேவலை.

அன்புடன்,
ரவி