புரை விலகிய நீலம்

அன்புள்ள நண்பா,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. "கட்டைப் பிரித்ததும் வானம் இவ்வளவு நீலமா என்று திகைத்துப்போனேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். போன மாதம் நானும் ஒரு நீலத்தின் முன்னால் அப்படித்தான் நின்றேன்.

மகளைப் பார்க்க பிரான்சுக்குப் போயிருந்தபோது சார்த்ர் பேராலயத்துக்குப் போனோம். அன்று வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாமல் வண்ணக் கண்ணாடி சன்னல்களில் என்ன தெரியும் என்ற சலிப்போடுதான் நுழைந்தேன். உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரமானது. அப்புறம் தெரிந்தது பார், நீலம்! மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு அடங்கிவிடுகிறது, நீலம் எழுந்து நிற்கிறது. நல்ல வெயிலில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அங்கே 'நீல மாதா' என்று ஒரு சன்னல். சிவப்புப் பின்னணியில் மாதா, மடியில் குழந்தை இயேசு. ஏறக்குறைய 1180இல் செய்தது. 1194இல் பழைய ஆலயம் தீப்பிடித்து எரிந்தபோது இது தப்பித்தது. புது ஆலயம் கட்டியபோது சுற்றிலும் தேவதூதர்களைச் சேர்த்து மறுபடி பொருத்தினார்கள். உற்றுப் பார்த்தால் பழசும் புதுசும் பிரிந்து தெரியும். மாதாவின் உடையில் இளநீலம், சுற்றியிருப்பதில் அழுத்தமான நீலம்.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் மணலையும் மரச்சாம்பலையும் உருக்கித்தான் கண்ணாடி செய்தார்கள். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்பு கலந்த கண்ணாடி தடித்தால் கறுப்பாகிவிடும் என்பதால் வெறும் கண்ணாடியின் மேல் சிவப்பை மெல்லிய படலமாக ஏற்றியிருக்கிறார்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைகளை, வேறு வழியில்லாமல் வைத்த தையல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேரில் பார்த்ததும் மனம் மாறியது. நீலம் தன் எல்லைக்குள் நிற்காது, பக்கத்து நிறத்தின் மேல் வழியும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கறுப்புக் கோடுதான். முகமும் விரல்களும் கறுப்பு மையால் வரைந்து சூளையில் சுட்டவை. வெளிச்சத்தை எங்கே மறைக்க வேண்டும் என்று தெரிந்தவன் கை அது!

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பைபிள் என்று இவற்றைச் சொல்வார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. உயரத்தில் இருப்பவற்றைக் கீழிருந்து யாரால் வாசிக்க முடியும்? ஆனால் பெருவெள்ளத்திலிருந்து தப்ப மரப்பேழை செய்த பைபிள் நோவாவின் கதையைச் சொல்லும் சன்னலின் அடியில் தச்சர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பேழை செய்த கதைக்குக் கீழே மரவேலைக்காரர்கள்! அன்று வந்த தச்சன் அந்தச் சன்னலைத் தேடிப்போய் நின்றிருப்பான் அல்லவா?

இன்னொன்று, உனக்காகவே எழுதுகிறேன். நூற்றாண்டுகளாகப் படிந்த அழுக்கை அங்கே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறார்கள். 1970களில் மேற்குச் சன்னல்களைச் சுத்தம் செய்தபோது, நீலமே போய்விட்டது என்று சிலர் கொதித்துப்போனார்களாம். இருண்ட நீலத்துக்குப் பழகிய கண்கள். உன் கண்ணிலும் மஞ்சளித்த லென்ஸ் நீலத்தை வடிகட்டிக்கொண்டுதான் இருந்தது, உனக்கே தெரியாமல். எடுத்த பிறகு நீ திகைத்தாய், அவர்கள் கோபப்பட்டார்கள். நான் உன் பக்கம்.

1939இல் போர் வரப்போகிறது என்றதும் அந்தச் சன்னல்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. இதை நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகள்தான் வந்து எழுப்பினாள்.

சரி, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. இன்னொரு கண்ணுக்கு எப்போது என்று எழுது. அதுவரை ஒவ்வொரு கண்ணாக மூடி வானத்தைப் பார், இரண்டு நீலம் தெரியும். எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்